புல்லுக்காகக் கட்டிய வீடு: ஹாலந்தின் ஸ்டோல்ப் பண்ணைவீடுகள்

ஆம்ஸ்டர்டாமிலிருந்து வடக்கே சுமார் இருபது கிலோமீட்டர் போனால் பேம்ஸ்டர் என்ற வட்டாரம் வரும். கண்ணுக்கெட்டிய வரை தட்டையான புல்வெளி, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி வாய்க்கால், அதே அளவுகோலால் இழுத்த மாதிரி சாலை, சாலைக்கு இரண்டு பக்கமும் மரவரிசை. அந்த மரங்களுக்கு அப்பால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிரமிடு பிரமிடாக எதுவோ நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கும்போது வீடு என்றே தோன்றாது, கூரை மட்டும்தான் தெரியும். கிட்டே போனால்தான் அதன் அடியில் தணிவான செங்கல் சுவர், வெள்ளைச் சட்டம் அடித்த ஜன்னல்கள், பச்சை வண்ணம் பூசிய கதவு எல்லாம் கண்ணில் படும்.

இந்த வீட்டுக்கு ஸ்டோல்ப் என்று பெயர். டச்சு மொழியில் ஸ்டோல்ப் என்றால் கவிழ்த்து மூடும் மூடி. தட்டில் வைத்த பாலாடைக்கட்டி காய்ந்துபோகாமல் இருக்கக் கண்ணாடி மூடியைக் கவிழ்ப்பார்களே, அதற்கும் இதே சொல்தான். கோழியைக் கவிழ்த்து வைக்கிற பஞ்சாரக்கூடை உங்களுக்கு நினைவு வந்தால், சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அடுத்த கேள்வி, பஞ்சாரத்துக்குள் கோழி இருக்கிறது, இந்த வீட்டுக்குள் நட்டநடுவில் என்ன இருக்கிறது என்பது. குடும்பம் இருக்கும் என்று நினைப்போம், இல்லாவிட்டால் மாடு இருக்கும் என்று நினைப்போம். இரண்டும் ஓரத்தில்தான் இருக்கின்றன. நடுவில் இருப்பது புல். தரையிலிருந்து கூரையின் உச்சிவரை அடுக்கிய காய்ந்த புல்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் வீட்டின் மற்ற எல்லாம் தானாகப் புரிந்துவிடும். அதனால் முதலில் புல்லைப் பார்த்துவிடுவோம்.

வைக்கோல் என்று எழுதாமல் புல் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. நெல் அடித்தபின் மிஞ்சுகிற தாள்தான் நமக்கு வைக்கோல். அங்கே கோடையில் பச்சைப் புல்லையே அறுத்து, வயலில் பரப்பி, புரட்டிப் புரட்டி வெயில் காட்டிக் காயவைத்துச் சேர்க்கிறார்கள். நவம்பர் பிறந்துவிட்டால் புல் வளராது, மண்ணும் சேறாகிவிடும், மாடு வெளியே நிற்க முடியாது. ஏப்ரல் கடைசிவரை அது கொட்டிலுக்குள்தான். அந்த ஆறு மாதத் தீவனம் முழுவதையும் சில வாரக் கோடையில் அறுத்துக் காயவைத்து, மழை படாமல், பனியில் வெளியே இறங்காமல் எடுத்துப் போடுகிற தூரத்தில் வைத்தாக வேண்டும். ஒரு மாட்டுக்கே அது ஒரு மலை. பல மாடு வைத்திருக்கிறவனுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்டோல்ப் வருவதற்கு முன்பு இந்தப் பகுதியில் வீடு நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தது. ஒரு முனையில் மனிதர்கள், மறுமுனையில் மாடு, புல்போர் வெளியே தனியாக. பிறகு நிலம் மாறியது. நெதர்லாந்தின் வடக்கு ஹாலந்து மாகாணத்தில் பெரும்பகுதி கரிச்சதுப்பு நிலம், அதாவது செடிகொடிகள் மட்கிச் சேர்ந்த ஈரமண். நீரை வடிக்க வடிக்க அது காய்ந்து அமுங்கிக்கொண்டே போகும். அமுங்க அமுங்க ஈரம் மேலே ஏறும், தானியம் விளையாது, புல் மட்டும் விளையும். இன்னொரு பக்கம் நகரங்கள் பெருத்துக்கொண்டிருந்தன, வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் நல்ல விலை கிடைத்தது. விவசாயி உழவை விட்டு மாட்டுக்கு மாறினான், மாடு பெருகியது, போரும் பெருத்தது. 1500களின் பிற்பாதியில், வெளியே நின்ற போரையும் வீட்டையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார்கள். ஸ்டோல்ப் பிறந்த கதை இதுதான்.

சரி, ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சின்னச் சதுரம் வரையுங்கள், அதைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டுப் பெரிய சதுரம் ஒன்று. சின்னச் சதுரத்தின் நாலு மூலையிலும் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். அந்த நாலு புள்ளிதான் நாலு மரத்தூண்கள். தூண்களின் தலையை நாலு விட்டங்கள் இணைக்கின்றன. விட்டத்தின் முனையை நாக்கு மாதிரிச் செதுக்கி, தூணில் குடைந்த துளைக்குள் சொருகி, குறுக்கே மர ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். தூணும் விட்டமும் சேர்கிற மூலைகளில் சாய்வுக்கட்டை கொடுத்திருப்பார்கள், கட்டு ஆடாமல் இருக்க. இந்த நடுக்கட்டுக்கு ஃபீர்கான்ட் என்று பெயர், சதுரம் என்று அர்த்தம். வெளிச்சுவரின் தலையிலிருந்து கிளம்புகிற நீண்ட கைமரங்கள் இந்த விட்டங்களின் மேல் சாய்ந்து மேலே போய் உச்சியில் கூடுகின்றன. கூரையின் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது இந்த நாலு தூண்களும் அவற்றின் மேல் இருக்கும் விட்டங்களும்தான். பணக்காரப் பண்ணைகளில் இந்தச் சதுரம் இரண்டாக நீளும், அப்போது தூண் ஆறாகும், கூரையும் ஒரு புள்ளியில் முடியாமல் மேலே ஒரு முகட்டுக் கோடாக முடியும்.

கவனித்தீர்களா, வெளிச்சுவருக்கு இங்கே பெரிய வேலை இல்லை. கைமரத்தின் காலடியைத் தாங்கினால் போதும். சுவரை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினாலும், ஜன்னலைப் பெரிதாக்கினாலும், ஒரு பக்கம் சற்றுக் கீழே இறங்கினாலும் கூரை அப்படியே நிற்கும். மரப்பலகைச் சுவரோடு ஆரம்பித்துப் பிறகு செங்கலுக்கு மாறிய வீடுகள் இருக்கின்றன. நெகிழ்ந்த மண்ணில் இது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பதை அங்கே கட்டடம் கட்டியவர்களைத்தான் கேட்க வேண்டும். வீட்டைச் சுற்றி முழு நீளத்துக்குப் பலத்த அடித்தளம் போடுவதை விட, நாலே நாலு இடத்தில் செங்கல் பீடம் கட்டி அதன்மேல் தூணை நிறுத்துவது எளிது, செலவும் குறைவு.

புல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். நெதர்லாந்தின் கிழக்குப் பகுதிப் பண்ணைவீடுகளில் அறுவடையைப் பரணில் ஏற்றுவார்கள், கீழே களமும் கொட்டிலும் இருக்கும். அங்கே விட்டம் அத்தனை பாரத்தையும் சுமக்க வேண்டும், அதனால் மரம் தடிமனாக வேண்டும். ஸ்டோல்பில் புல் நாலு தூண்களுக்கு நடுவே நேராகத் தரையில் கிடக்கிறது. மண்ணே சுமக்கிறது. தூண்களின் வேலை கூரையைப் பிடித்துக்கொள்வது மட்டும். ஒரு கட்டட அமைப்பில் எனக்கு மிகப் பிடித்தது இந்த மாதிரி இடம்தான். பாரத்தைத் தூக்காமல் இருக்க வழி கண்டுபிடித்துவிட்டால் மற்றது எல்லாம் லேசாகிவிடுகிறது.

பிரமிடு வடிவத்துக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. நடுவில் உயரமாகப் புல் வேண்டும், சுற்றி ஓரத்தில் ஆள் நிற்கும் உயரம் போதும். அப்படியானால் கூரை நடுவிலிருந்து நாலு பக்கமும் சரிந்துதானே வர வேண்டும்? அது காற்றுக்கும் வசதியாகிவிட்டது. வடகடலிலிருந்து வரும் காற்றைத் தடுக்க அந்தச் சமவெளியில் ஒரு மேடு கிடையாது. நிமிர்ந்த சுவரில் காற்று மோதும், சரிந்த கூரையில் ஏறிப் போய்விடும். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதே கதைதான்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடக்கு ஹாலந்தில் இந்த அளவு தூண் வெட்டக் காடு கிடையாது. பைன் மரம் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் பால்டிக் கரைகளிலிருந்தும் கப்பலில் வந்தது. அதை அறுக்க ஒரு வழியும் சரியான நேரத்தில் கிடைத்தது. அதே வட்டாரத்தைச் சேர்ந்த கொர்னேலிஸ் கொர்னேலிஸ்ஸோன் என்பவர் 1594இல் காற்றாலையால் ஓடும் மர அறுவை ஆலையைக் கட்டினார். இரண்டு பேர் மாறி மாறி ரம்பம் இழுத்து நாள்கணக்கில் அறுத்ததைக் காற்று அறுக்க ஆரம்பித்தது. ஸ்டோல்ப் பரவிய காலமும் இதுவும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது உள்ளே போவோம்.

உங்கள் தாளில் சின்னச் சதுரத்துக்கும் பெரிய சதுரத்துக்கும் நடுவே நாலு பக்கமும் பட்டை பட்டையாக இடம் இருக்கிறது இல்லையா, வாழ்க்கை முழுவதும் அங்கேதான். சாலையைப் பார்த்த பட்டையில் குடும்பம். பக்கத்துப் பட்டை ஒன்றில் மாட்டுக்கொட்டில். இன்னொன்று டார்ஸ், அதாவது வண்டி உள்ளே நுழைகிற களம், பெரிய இரட்டைக் கதவு அதற்குத்தான். புல் ஏற்றிய வண்டி அந்தக் கதவு வழியாக வந்து சதுரத்தின் ஓரத்தில் நிற்கும், ஆள்கள் கவைக்கோலால் அள்ளி உள்ளே எறிவார்கள். வெளியிலிருந்து பார்த்தே வகை சொல்ல ஒரு குறிப்பு: பெரிய கதவு வீட்டின் பின்பக்கம் இருந்தால் அது வடக்கு ஹாலந்து ஸ்டோல்ப், முன்பக்கம் சாலையைப் பார்த்து இருந்தால் மேற்கு ஃபிரீஸ்லாந்து ஸ்டோல்ப் (பெயர் அப்படி என்றாலும் அதுவும் வடக்கு ஹாலந்துக்குள் இருக்கிற பகுதிதான்).

குடும்பம் இருக்கும் பகுதி நாம் எதிர்பார்ப்பதை விடச் சின்னது. கட்டில் போட இடம் இருக்காது. சுவரில் அலமாரி மாதிரிக் கதவு இருக்கும், திறந்தால் உள்ளே படுக்கை. அதற்கு பெட்ஸ்டே என்று பெயர். நீளம் குறைவு, அந்தக் காலத்தில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்த மேனிக்குத்தான் தூங்குவார்கள். குளிர்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டால் உடம்புச் சூடே போதும். இது போதாதென்று, பலகைச் சுவருக்கு அப்பால் காய்ந்த புல் மலை, அது காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு குளிரை மறிக்கும். கொட்டிலில் மாடுகள் விடுகிற மூச்சும் சூடுதான்.

பாலுக்குத் தனியாகப் பாதி தரைக்குள் இறக்கிய நிலவறை உண்டு, குளிர்ச்சிக்காக. நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் முழுக்கத் தோண்ட முடியாது. அதனால் நிலவறை பாதி மேலே எழும்பும், அதன்மேல் இருக்கிற அறைக்கு நாலைந்து படி ஏறிப் போக வேண்டும். பழைய டச்சு வீட்டில் காரணமே இல்லாமல் ஓர் அறை உயரத்தில் இருந்தால், கீழே பால் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பாலாடைக்கட்டி செய்ததும் வீட்டுக்குள்தான், அது பண்ணைப் பெண்களின் வேலை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொழிற்சாலைகள் வந்தபிறகுதான் அது வீட்டை விட்டு வெளியே போனது.

கொட்டிலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். மாடுகள் நிற்கிற தரை சற்று உயரமாக, நீளம் குறைவாக இருக்கும். பின்னங்காலுக்குப் பின்னால் ஒரு சாணிக் கால்வாய். மாட்டின் நீளத்துக்குச் சரியாகத் தரையை அளந்திருப்பதால் சாணி நேராகக் கால்வாயில் விழும், படுக்கிற இடம் சுத்தமாக இருக்கும். மேலே உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கும், அதில் மாட்டின் வாலைத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். வால் சாணியில் தோய்ந்து, கறக்கிறவர் முகத்திலும் பாலிலும் தெறிக்கக்கூடாது என்பதற்காக. மே மாதம் மாடு வயலுக்குப் போனதும் கொட்டிலைத் தேய்த்துக் கழுவி, சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். அப்புறம் குடும்பமே அங்கே குடிவந்துவிடும். ஆமாம், மாடு நின்ற இடத்தில் மேசை போட்டு, திரை கட்டி, ஓரத்தில் பீங்கான் தட்டுகளை அடுக்கி, கோடை முழுவதும் அங்கேதான் சமையல், சாப்பாடு. முன்பக்க அறைகளைச் சுத்தமாகப் பூட்டி வைத்துவிடுவார்கள். குளிர்காலத்தில் மாடு, கோடையில் மனிதர் என்று ஒரே அறையை முறை வைத்து வாழ்ந்திருக்கிறார்கள்.

முன்வாசலுக்கும் இப்படி ஒரு கதை. அழகாகச் செதுக்கிய நடுக்கதவு பல வீடுகளில் அன்றாடம் திறப்பதே கிடையாது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் திறக்கிற கதவு என்று அதைச் சொல்வார்கள். மணப்பெண் அதன் வழியாக உள்ளே வருவாள், கடைசியில் பெட்டியும் அதன் வழியாகத்தான் வெளியே போகும். மற்ற நாளெல்லாம் பக்கக் கதவுதான்.

இவ்வளவு அருமையான ஏற்பாட்டுக்கு ஒரு பெரிய ஆபத்து இருந்தது. புல் சரியாகக் காயாமல் உள்ளே வந்துவிட்டால் அது புழுங்க ஆரம்பிக்கும். ஈரத்தில் நுண்ணுயிர்கள் வேலை செய்யச் செய்யச் சூடு ஏறும். 60, 70 டிகிரியைத் தாண்டினால் அப்புறம் உயிர்கள் தேவையில்லை, வேதிமாற்றமே சூட்டை ஏற்றிக்கொண்டு போகும், ஒரு கட்டத்தில் நடுப்போர் தானாகவே பற்றிக்கொள்ளும். வெளியே புகை தெரியும்போது காலம் கடந்திருக்கும். மேலே நாணல் கூரை, நடுவில் புல், ஓரத்தில் குழந்தைகள் தூங்குகிற அலமாரிப் படுக்கை. கோடைமழை குறுக்கிட்ட வருடங்களில் அந்த வீட்டில் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. அதற்காகவே நீளமான இரும்புக் கம்பி ஒன்று வைத்திருப்பார்கள். போருக்குள் ஆழமாகக் குத்தி, கொஞ்ச நேரம் விட்டு, உருவி, முனையைக் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே ஆள் கூப்பிட்டுப் போரைப் பிரித்து வெளியே எடுக்க வேண்டியதுதான். இதையே தொழிலாக வைத்துப் பண்ணை பண்ணையாகப் போய்க் குத்திப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

வெளியே வந்து கூரையைப் பாருங்கள். பெரும்பாலும் நாணல் வேய்ந்தது. ஆனால் முன்பக்கச் சரிவின் நடுவில் மட்டும் ஓடு பதித்திருப்பார்கள், அதன் விளிம்பை நாணலில் வளைவும் படியுமாக வெட்டி அழகு செய்திருப்பார்கள். இதற்கு முகம் பார்க்கும் கண்ணாடி என்று பொருள்படும் ஸ்பீகல் என்று பெயர். ஓடு விலை அதிகம், அதுவும் கறுப்பு மெருகேற்றிய ஓடு என்றால் இன்னும் அதிகம், அதனால் சாலையில் போகிறவர்களுக்கு வீட்டுக்காரரின் வசதியைக் காட்டுகிற இடம் அது. ஓட்டில் விழுகிற மழைநீர் சுத்தமாக இருக்கும் என்பதால் அதைத் தொட்டியில் பிடித்துக் குடிக்க வைத்துக்கொள்ளலாம். முன் ஜன்னல்களுக்கு எதிரே லிண்டன் மரங்களைச் சட்டத்தில் கட்டி, கிளைகளைப் பக்கவாட்டில் மட்டும் படரவிட்டு, பச்சைத் தட்டி மாதிரி வளர்த்திருப்பார்கள். கோடையில் அது நிழல், குளிர்காலத்தில் இலை உதிர்ந்ததும் வெயில் உள்ளே வரும்.

இந்த வீடு ஹாலந்தின் வடபகுதி முழுவதும் இருந்தாலும் பேம்ஸ்டரைப் பிடித்துக்கொண்டு சொல்வதற்குக் காரணம், அந்த நிலமே மனிதர் செய்தது. 1600களின் தொடக்கத்தில் அது ஏரி. ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் பணம் போட்டார்கள், சுற்றிலும் கரை எழுப்பிக் கால்வாய் வெட்டினார்கள், காற்றாலைகளால் தண்ணீரை இறைத்தார்கள். ஆலைகளைக் கவனித்தவர் யான் அட்ரியான்ஸோன் லேக்வாட்டர். 1610இல் புயலில் கடற்கரை அணை உடைந்து ஏரி மறுபடி நிரம்பிவிட்டது, மனம் தளராமல் திரும்ப இறைத்தார்கள், 1612இல் 43 காற்றாலைகளின் உழைப்பில் தரை தெரிந்தது. சராசரியாகக் கடல்மட்டத்துக்கு மூன்றரை மீட்டர் கீழே, ஏறக்குறைய 7,000 ஹெக்டேர் களிமண். வெற்றுத் தரை என்பதால் சதுரம் சதுரமாகக் கோடு போட்டுப் பிரித்தார்கள். அந்தக் கோடுகள் இன்றும் அப்படியே இருப்பதால்தான் யுனெஸ்கோ 1999இல் அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

பணம் போட்டவர்களில் டிர்க் வான் ஓஸ் என்று ஒருவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1602இல் ஆம்ஸ்டர்டாமில் பங்கு எழுதிச் சேர்த்தது அவர் வீட்டில்தான். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் பிறகு கோட்டை பிடித்து உட்கார்ந்த அதே கம்பெனி. கடல் வாணிபத்தில் புரண்ட ஆள்களே இந்த ஏரியிலும் பணம் போட்டார்கள் என்பதைப் படித்த பிறகு, அந்தப் புல்வெளி எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது.

முதலில் அங்கே தானியமும் கடுகின எண்ணெய் வித்தும்தான் போட்டார்கள். ஈரம் விடவில்லை, போகப் போகப் புல்லும் மாடும் ஆயிற்று, அதோடு ஸ்டோல்பும் வந்தது. நகரத்துப் பணம் கலந்ததால் சில வீடுகளின் முகப்பு மட்டும் ஆம்ஸ்டர்டாம் மாளிகை மாதிரி இருக்கும். 1682இல் கட்டிய டே ஏன்ஹோர்ன், அதாவது ஒற்றைக்கொம்பன் என்ற பண்ணைவீடு இன்றும் நிற்கிறது. செதுக்கிய கல் வைத்த எடுப்பான முகப்பு, அதன் பின்னால் அதே பழைய பிரமிடுக் கூரை.

நெதர்லாந்து முழுவதும் இதே வீடுதான் என்று எண்ணிவிட வேண்டாம். ஃபிரீஸ்லாந்தில் தலை, கழுத்து, உடல் என்று மூன்று துண்டாகப் பெயர் வைத்த பண்ணைவீடு இருக்கிறது, சின்ன வீடு முன்னே, ஒடுங்கிய இணைப்பு நடுவே, பிரம்மாண்டமான களஞ்சியம் பின்னே. தெற்கே பிராபண்டில் எல்லாமே ஒரே நீளச் சுவரில் வரிசையாக இருக்கும். லிம்பர்கில் நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த முற்றம். மண்ணும் பயிரும் மாறினால் வீடு மாறுகிறது, அவ்வளவுதான்.

20ஆம் நூற்றாண்டில் ஸ்டோல்பின் நடு காலியானது. புல்லை இயந்திரம் கட்டுக்கட்டாகக் கட்ட ஆரம்பித்தது, பச்சையாகவே நெகிழித்தாளால் மூடிப் புளிக்கவைக்கும் முறை வந்தது, மாடுகள் நூற்றுக்கணக்கில் பெரிய கொட்டகைகளுக்குப் போயின. வேலை போன கட்டடம் வேகமாக விழும். எத்தனையோ இடிந்தன, எரிந்தன. இன்று வடக்கு ஹாலந்தில் மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய 5,000. பெரும்பாலானவற்றில் இப்போது விவசாயிகள் இல்லை, குடும்பங்கள் வசிக்கின்றன. சிலவற்றை அடுக்குவீடுகளாகப் பிரித்திருக்கிறார்கள். இதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், ஆள் குடியிருந்தால்தான் கூரை ஒழுகுவதைப் பார்க்க ஒருவர் இருப்பார். ஆனால் நடுச்சதுரத்தை மூன்று மாடியாகக் கூறுபோட்டு, தூணைப் பிளாஸ்டர் பலகையால் மூடிவிடுகிறபோது மனசு கேட்கவில்லை. ஒரு பக்கமாவது தரையிலிருந்து உச்சிவரை திறந்து விட்டிருக்கும் வீட்டில் நுழைந்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும், கழுத்து தன்னால் மேலே போகும்.

அப்படி ஒரு வீட்டுக்குள் போகக் கிடைத்தால், அண்ணாந்து பார்த்து முடித்தபிறகு தூணுக்கு மிகக் கிட்டே போங்கள். விட்டம் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பல வீடுகளில் உளியால் கொத்திய சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும், ஒன்று, இரண்டு, மூன்று என்று. தச்சர் தன் பட்டறை முற்றத்தில் மரங்களைச் செதுக்கிப் பொருத்திப் பார்த்து, எது எதோடு சேரும் என்று குறித்துக்கொண்டு, பிரித்து எடுத்துவந்து இங்கே நிறுத்தியிருக்கிறார். இன்னும் கொஞ்சம் மேலே பார்த்தால், எந்த மரமும் சொருகாத வெறும் துளை ஒன்றிரண்டு கண்ணில் படலாம். அது பிழை கிடையாது. அந்தத் தூண் இங்கே வருவதற்கு முன்பே வேறொரு வீட்டில் நின்றிருக்கிறது.